ஹில்டா அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கச்சேரி

தாராவி, பம்பாய்
18-11-1966

சிரஞ்சீவி மகன் காசிராஜனுக்கு அம்மா சண்முகவடிவு ஆசீர்வதித்து எழுதுவது. அப்பா, நான், உன் தங்கை கனகவள்ளி மூவரும் சுகம். நீயும் சுகம் என்று தெரியும், ஆனால் அது நீ எழுதித் தெரியவில்லை, உன் வாத்தியார் வீட்டம்மா சொல்லித் தெரிந்தது. பெற்றவளுக்கு இப்படியும் ஒரு காலம்.

அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. கடையில் வியாபாரம் இருக்கிறது, அரிசிக்குத்தான் அடிதடி, ரேஷனில் கோதுமையைத் தலையில் கட்டுகிறார்கள். கனகவள்ளி விக்ரோலி கம்பெனியில் டைப் அடிக்கிறாள், இங்கிலீஷ் நன்றாகவே வருகிறது. அவள் மட்டும் கூட வராமல் இருந்திருந்தால் அன்றைக்குக் கச்சேரியில் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது, நிம்மதியாகவும் இருந்திருப்பேன்.

நீ கொடுத்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனியிலிருந்து உன் வாத்தியாரும் அவர் வீட்டம்மா ஹில்டா அம்மாளும் நம் கடைக்கே வந்து கச்சேரிக்கு அழைத்தார்கள். கோட்டைப் பக்கம் பெரிய ஹால். மேடையில் பாட்டு இல்லை, வீணை இல்லை, உன் வாத்தியார் ஒரே ஆள், அவரைச் சுற்றிப் பெரிதும் சிறிதுமாக டிரம்கள், தொங்கவிட்ட வெண்கலத் தட்டுகள், மாட்டு மணி, பூந்தொட்டி, லாரியிலிருந்து கழற்றிய இரும்பு வட்டு. எல்லாம் இந்தக் காலத்து ஆட்கள் புதிதாக எழுதின சங்கீதம் என்று கனகவள்ளி சொன்னாள். ஒன்றில் மனுஷன் காகிதத்தைக் கசக்கிக்கொண்டே இருந்தார். வீட்டில் நான் ஒரு டம்ளரைக் கீழே போட்டால் "ஏட்டி, மெதுவா வையேன்" என்று சத்தம் போடுகிற உன் அப்பா அங்கே கோயிலில் நிற்கிற மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கும் போகப் போக அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அந்த வெண்கலத் தட்டைத் தொட்டும் தொடாமலும் தட்டியபோது நான் கனகவள்ளி கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹில்டா அம்மாளுக்கு அடுத்து என்ன வரும் என்று முன்னாலேயே தெரிகிறது, தலையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறாள், எனக்குத் தெரியவில்லை, அதுதான் பொறுக்கவில்லை.

கடைசியில் வந்தது நீ எழுதினது. அச்சடித்த தாளில் உன் பெயரைக் கனகவள்ளி விரல் வைத்துக் காட்டினாள். கட்டை மேல் கட்டை விழுகிற சத்தம், ஒரே சீராக, கொஞ்சம் வேகமாகி, திரும்பவும் நிதானமாகி, சட்டென்று நின்றுபோயிற்று. வாத்தியார் இரண்டு கையையும் தூக்கியபடி கண்ணை மூடி அசையாமல் நிற்கிறார். ஹாலில் ஒருவர் மூச்சு விடவில்லை. உன் அப்பாவோ கச்சேரி முடிந்தது, ஜனம் கலைவதற்குள் மரியாதை செய்துவிட வேண்டும் என்று மாலையும் பொன்னாடையுமாக விறுவிறுவென்று மேடை ஏறிவிட்டார். எழும்போதே நான் வேட்டியைப் பிடித்து இழுத்தேன், "முடிஞ்சிட்டுல்லா, பொறவு எதுக்கு அந்த மனுசன் சும்மா நிக்காரு" என்று கையைத் தட்டிவிட்டார். நம் தமிழ்ச் சங்கத்தில் மேளம் நின்றால் மாலை போட வேண்டியதுதானே, அவருக்கு வேறென்ன தெரியும். வாத்தியார் கண்ணைத் திறக்கவில்லை. மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது, அவர் அப்படியே நின்று, பிறகு அந்தக் கோலத்திலேயே மிச்சத்தை வாசித்து முடித்தார். பின்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். உன் அப்பாவுக்கு வெட்கமே இல்லை, இப்போதும் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வயிறு எரிந்தது வேறு காரணத்துக்கு. அந்தப் பொன்னாடை நீ வந்து இறங்குகிற அன்றைக்கு உனக்குப் போட என்று நான் மாட்டுங்காவில் தேடி வாங்கி வைத்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைத் திறந்து எடுத்து வந்திருக்கிறார்.

கச்சேரி முடிந்ததும் ஹில்டா அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதைக் கனகவள்ளி எனக்குச் சொன்னாள். அந்தக் கட்டைச் சத்தம் நான் கடைக்கு மிளகாய் இடிக்கிற சத்தமாம், நடுவில் வந்த அமைதி நான் உலக்கையைச் சாத்தின பிறகு வீட்டில் வருகிற அமைதியாம், அதுதான் இந்த உலகத்திலேயே காசிக்குப் பிடித்ததாம். காசியாம், முழுப் பெயர் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷம் இடித்தேன், இடித்த பிறகு ஓர் அமைதி இருந்தது எனக்குத் தெரியாதே ராசா, நான் உடனே அடுப்பு ஊதப் போய்விடுவேன். எனக்கு அழுகை வரவில்லை. என் உலக்கைக்கு அவள் அழுகிறாள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை நீ எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

அதோடு விட்டாளா. இன்னும் இரண்டு வருஷம் எங்களோடுதான் இருக்கப் போகிறான், கவலைப்படாதீர்கள் என்றாள். பொங்கலுக்கு வருகிறேன் என்று நீ எழுதின கடிதத்தை நான் பூஜைத் தட்டில் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கும் அங்கேதான் தெரியும், முகம் சுண்டிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து வாத்தியார் பொன்னாடையை மடித்து அவளிடம் கொடுக்க, காசிக்கு நான் போட்டுவிடுகிறேன் என்று அவள் வாங்கினாள். நான் பறித்துக்கொண்டேன். ஆமாம், பறித்தேன், எல்லாரும் பார்த்தார்கள். "அதை எங்க வீட்லதான் போடணும், எங்கையாலதான் போடணும்னு சொல்லுட்டி" என்று கனகவள்ளியிடம் சொன்னேன், அவள் என்ன மொழிபெயர்த்தாளோ. சர்ச்கேட்டில் ஏறி மாஹிமில் இறங்குகிற வரைக்கும் உன் அப்பா ரயில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

அவள் கோபப்படவில்லை, அதுவும் எனக்குக் கோபம். கிளம்பும்போது என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் தலையிலிருந்து கரிசலாங்கண்ணி வாசம். மாட்டுங்கா மகாதேவன் ஜெர்மனி வந்தபோது உனக்குக் கொடுத்துவிட்டேனே, அந்த எண்ணெய். கேட்டால், சனிக்கிழமை தவறாமல் அவள்தான் உன் தலையில் தேய்த்துவிடுகிறாளாம், மீதியைத் தானும் தேய்த்துக்கொள்கிறாளாம், நீதான் சொல்லிக் கொடுத்தாயாம். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டு மர்யம் கேட்டுவிட்டு, பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், சந்தோஷப்படாமல் பொறாமைப்படுகிறாயே என்றாள். பொறாமைதான். அவள் நல்லவள், எனக்குப் பிடித்திருக்கிறது, இருந்தாலும் பொறாமைதான்.

படிப்பு இரண்டு வருஷம் இழுக்கும் என்றால் இருந்து முடி, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் உன் கையால் எனக்கு எழுது, இனி எதுவானாலும் முதலில் எனக்கு, பிறகு அவளுக்கு. குளிரில் காதை மூடிக்கொள், ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே. உன் பாட்டை நடுவில் கெடுத்துவிட்டார் என்று அப்பாவை ஒன்றும் சொல்லிவிடாதே. நம் குலசாமி உன்னைக் காக்கும், நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, இந்தத் தடவை எண்ணெய் இரண்டு சீசா அனுப்புகிறேன். ஒன்று ஹில்டா அம்மாளுக்கு, அவள் தலையில் அவள் தேய்த்துக்கொள்ளட்டும். உன் தலைக்கு இனி நீயே தேய்த்துக்கொள். அத்தனை டிரம்மையும் அடிக்கிற கைக்கு இது வராதா?

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
சண்முகவடிவு