நான் கொடுத்த நற்சான்று

மிட்சம், லண்டன்
12.3.1996

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அம்பலவாணன் எழுதிக்கொள்வது. நான் சுகம். உங்கள் சுகத்துக்கு ஆர்ச்வே முருகனை வேண்டுகிறேன். கொழும்பு வெயிலில் உங்கள் தலையிடி எப்படி? மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தவமலருக்கு இங்கே சட்டன் பகுதியில் இருக்கிற மாப்பிள்ளை பொருந்திவிட்டதென்றும், மாப்பிள்ளையின் தமையன் கனகலிங்கம் என் கல்லூரிக்கே போய் விசாரித்தாரென்றும், பெண்ணின் தாய்மாமன் தங்கமான மனுசன் என்று அங்கே ஒருவர் சொன்னாரென்றும், அதை அறிந்து அழுதுவிட்டீர்களென்றும் எழுதியிருந்தீர்கள். அக்கா, அந்த ஒருவர் நான்தான்.

நான் அங்கே படிப்பிக்கவில்லை. கூட்டித் துடைக்கிறேன். வந்த புதிதில் கல்லூரியில் வேலை என்று எழுதினேன். நீங்கள் மாஸ்டர் வேலை என்று நினைத்தீர்கள். ஊரில் பதினொரு வருடம் மாஸ்டராக இருந்தவனுக்கு அதைத் திருத்த மனம் வரவில்லை. பிறகு துணிந்து பொய்யே எழுதத் தொடங்கினேன்.

போன கடிதத்தில் ஆபிரிக்கான்ஸ் மொழியின் பெயரடை படிப்பிக்கிறேன் என்று அளந்தேனே, அது தென்னாபிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வெள்ளைக்காரி மாலையில் எடுக்கும் வகுப்பு. காலையில் கரும்பலகையை அழிக்கும் முன் கொப்பியில் எழுதிக்கொள்வேன். பெயருக்கு முன்னால் வந்தால் சில பெயரடைகளின் கடைசியில் ஓர் எழுத்து ஏறும். பின்னால் வந்தால் ஏறாது. சிலது எங்கே வந்தாலும் மாறாது. நாங்கள் 'பெரிய வீடு', 'வீடு பெரியது' என்று சொல்லுவதை நினைத்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்தச் சொற்களை எப்படி உச்சரிப்பதென்று தெரியாது. ஒருநாளும் காதால் கேட்டதில்லை.

கனகலிங்கம் வந்த அன்று நான் வாளியும் கையுமாக வாசலில் நின்றேன். தமிழ் முகத்தைக் கண்டதும், அண்ணை, அம்பலவாணன் மாஸ்டரைச் சந்திக்க ஏலுமோ என்று கேட்டார். அவர் இண்டைக்கு லீவு என்றேன். ஆள் எப்படியென்று கேட்டார். சீ, நானும் ஒரு மனுசனா! தங்கமான மனுசன், குடி வெறி ஒண்டுமில்லை என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் என் ஈரக் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சட்டனுக்குப் போய் அவரிடம் நேரில் சொல்லப்போகிறேன். கலியாணத்தன்று மாமனாக நிற்கிறவனின் முகத்தைப் பார்த்து அவர் திகைக்க வேண்டாம். சம்பந்தம் குழம்பினால் குற்றம் முழுவதும் என்னுடையது. பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது.

இதைத் தவமலருக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். என்னோடு கோபிக்கட்டும், பேசாமல் இருக்கட்டும். அவளுக்கு எந்த வீடு வாய்த்தாலும் அங்கே அவள் தலை நிமிர்ந்து வாழவேண்டும். என்னைப் பற்றி யாராவது கேட்டால், மாமா துப்புரவு வேலை செய்கிறார் என்று கூசாமல் சொல்லச் சொல்லுங்கள், அக்கா.

உங்கள் தம்பி,
அம்பலவாணன்