ஆல்தோ வந்தால் பட் வராது

கோயம்புத்தூர்,
ஜூலை 1999

அன்புள்ள மௌனிகா,

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனி. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் வேலை.

இன்டர்வியூவில் மேனேஜர் கேட்டார்: "கடைசி வருசம் மட்டும் தபால்ல படிச்சிருக்கீங்க, ஏனுங்க? இங்கிலீஷ்லயே சொல்லுங்க."

கலவரத்தில் எங்கள் கடை எரிந்தது. அத்தா படுத்துவிட்டார். காலேஜுக்குப் போகப் பயம். இப்படித் துண்டு துண்டாகத்தான் எனக்கு ஆங்கிலம் வந்தது. அவர் பேனாவை மூடிவிட்டார்.

அப்போதுதான், அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கையில் நீ என்னை அதட்டியது காதில் கேட்டது. "ஏம்புள்ள, தனித்தனியா உட்டுப்போட்டா கேக்கறவங்களுக்கு என்ன புரியும்? சேத்துச் சொல்லு. ஒரே வாக்கியத்துல ஆல்தோ (although) வந்தா பட் (but) வரக்கூடாது!"

"சார், இன்னொரு தடவை சொல்றேனுங்க" என்றேன். ஆல்தோவில் தொடங்கி ஒரே மூச்சில் சொன்னேன். கடை எரிந்து நான் வீட்டோடு முடங்கிப்போனாலும் பரீட்சையில் தேறினேன், ஏனென்றால் ஊரே பயந்து கிடந்த நாட்களில் என் தோழி எங்கள் தெருவுக்குப் பாடங்களைக் கொண்டுவந்தாள் என்று. பட் வரவில்லை.

அவர் தமிழுக்கு மாறினார். "அந்தப் பொண்ணு இப்ப எங்கீங்க?"

"பாத்து ஒரு வருசம் ஆச்சுங்க சார்."

நீ வருவது ஏன் நின்றது, யார் தடுத்தார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. வந்தாயே, அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உன் அப்பா வீட்டில் இருக்கும் நேரமாகவே வருகிறேன். எங்கள் தெருவுக்கு நீ தனியாக வந்தாய். உங்கள் தெருவுக்கு நான் வரமாட்டேனா?

என்றும் நன்றியுடன்,
உன் தோழி