நாகையாவுக்கு ஒரு திதி

29 ஜனவரி 2025, புதன். தை அமாவாசை

இன்று மோரிப் கடற்கரையில் இருந்தவர்கள்: மாமா தம்புசாமி, அவர் மகனும் என் கணவருமான விஜயன், சுபாங் ஜெயாவிலிருந்து நாத்தனார் மலர், என் மகள் விஷ்ணுப்ரியா, குருக்கள், நான். ஆறு பேர். சீனப் பெருநாள் விடுமுறை, கிள்ளானிலிருந்து சாலை காலி.

குருக்கள் வழக்கம்போல் கேட்டார்: "அப்பா எறந்த திதி?"

மாமாவும் வழக்கம்போல், "தெரியாதுங்க சாமி. சயாம் ரயில் போட ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போனான். எனக்கு ரெண்டு வயசு."

"சரி, அமாவாசைக் கணக்குலயே குடுத்துருவோம்."

திரும்பும்போது காரில் மாமா சொன்னார்: "நான் கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் சரியான நாள்ல குடுக்கணும்மா. கொள்ளி வெக்க ஆளில்லாம காட்டுல கெடந்த மனுசன்."

நான் தேடுகிறேன் என்றேன். மலர் சிரித்துவிட்டாள். "அண்ணி, நீங்க மூணாம் படிவத்தோட நின்னவங்க. ஆர்கிப் நெகாராவுல போயி என்னன்னு கேப்பீங்க?"

ஆவணக் காப்பகம்தானே, வாயால்தான் கேட்பேன். மலாய் தெரியும். முருகன் துணை.

3 பிப்ரவரி

புது நோட்டு. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'சான்று உண்டு', வலப்பக்கம் 'கேள்விப்பட்டது'. வீட்டுக் கணக்கில் ரசீது இல்லாததை நான் ஏற்றியதில்லை, இதிலும் அப்படியே.

மாமாவின் பிறப்புப் பத்திரத்தின்படி: அப்பா நாகையா, தாத்தா பெரியண்ணன், காப்பார் பக்கத்துத் தோட்டம். சான்று உண்டு. சொந்த ஊர் முசிறிப் பக்கம் தும்பலம் — மாமாவின் அம்மா சொன்னது. கேள்விப்பட்டது.

'சயாமில் இறந்தார்' என்பதை இடப்பக்கம் எழுதப்போனேன். கை நின்றது. 1946-இல் திரும்பி வந்த ஒருவர் வாயால் சொன்னது, அவ்வளவுதானே? வலப்பக்கம் எழுதினேன்.

18 பிப்ரவரி

ஆர்கிப் நெகாராவுக்கு மூன்றாவது தடவை. தோட்டத்தின் பழைய ஆள் பட்டியல் கிடைத்தது. சயாம் போனவர்கள் நாற்பத்தொரு பேர். இறந்த இருபத்தாறு பேருக்கு எதிரே சிலுவைக் குறி. நாகையாவுக்கு எதிரே ஒன்றுமில்லை.

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் என் முகத்தைப் பார்த்து, "செத்திருந்தா குறி போட்டிருப்பாங்க லா ஆன்டி," என்றாள் மலாயில்.

அப்படியானால்?

19 பிப்ரவரி

யாரிடமும் சொல்லவில்லை. பூஜையில் கூடுதலாக ஒரு விளக்கு.

11 மார்ச்

கிள்ளான் சுடுகாட்டுப் பழைய பதிவேடுகள் ஒரு இரும்பு அலமாரியில் இருக்கின்றன. பார்த்துக்கொள்கிறவர் கார்த்திகேசு அங்கிள். "என்னம்மா, நாலு நாளா வர்றீங்க, பேய் தேடுறீங்களா?" என்றார். திதி தேடுகிறேன் என்றேன். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

1946-இலிருந்து பக்கம் பக்கமாக. பதினொன்றரை மணிக்கு —

நாகையா, தகப்பன் பெரியண்ணன். ஊர்: தும்பலம், முசிறி. வயது 57. இறந்த நாள் 27 ஜூலை 1971. சடங்கு செய்தவர்: மகன் வேலாயுதம், வயது 20, ரயில்வே குவாட்டர்ஸ், பிரிக்பீல்ட்ஸ்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று! மாமா அப்போது இதே கிள்ளானில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

12 மார்ச்

குருக்கள் பழைய பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார்: ஆடி, வளர்பிறைப் பஞ்சமி.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "நீயே முடிவு பண்ணு," என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மலர் போனில் கத்தினாள். "எங்க பாட்டி பூவ எடுத்து, பொட்ட அழிச்சு, அப்படியே கெடந்து செத்தாங்க. இவரு இங்க வந்து இன்னொரு குடும்பம் நடத்துனாரா? அப்பாகிட்ட சொல்லாதீங்க அண்ணி. அவருக்கு ஒண்ணுன்னா நீங்கதான் பொறுப்பு!"

திதிக்கு வருஷம் வேண்டாம். மாதம், பிறை, திதி போதும். 'ஆடி வளர்பிறைப் பஞ்சமி மாமா' என்று மட்டும் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

நான் கேட்பேனே.

14 மார்ச், வெள்ளி

காலை பூஜை முடிந்ததும் மாமா பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் படித்தேன், ஒரு வரி விடாமல். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப கொள்ளி வெச்சாங்க."

"வெச்சாங்க மாமா. உங்க தம்பி."

"காட்டுல கெடக்கல."

"இல்ல மாமா."

"அந்தச் சுடுகாட்டு வழியாத்தாம்மா தெனம் பஸ் ஓட்டுனேன்." பிறகு, "ஏன் எங்ககிட்ட வரலன்னு போட்டிருக்கா?"

"இல்ல மாமா. போடாதத நான் சொல்லமாட்டேன்."

தலையாட்டினார். சோறு போடச் சொன்னார். இரண்டாம் தடவையும் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

20 ஜூன்

மூன்று மாதம் அந்தப் பேச்சையே எடுக்காதவர் இன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பய இருக்கானா?"

"பயலுக்கு எழுபத்து நாலு வயசு மாமா."

சிரித்தார். எத்தனை நாளாயிற்று!

24 ஜூன்

பிரிக்பீல்ட்ஸ். அந்த குவாட்டர்ஸ் இப்போது இல்லை. கோவிலுக்கு எதிரே பூக்கடையில் விசாரித்தேன். கடைக்காரம்மா மாலை கட்டுவதை நிறுத்தவில்லை. "வேலாயுதம் அண்ணனா? ரயில்வேல இருந்தவருதானே? செராஸ் போயிட்டாரு அக்கா. ஆடி மாசம் ஒரு மாலை சொல்லுவாரு, அப்பா படத்துக்கு. மறந்ததே இல்ல." மாலை அனுப்பும் விலாசத்தை அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டேன்.

5 ஜூலை

இன்று தபாலில் சேர்த்ததன் நகல். 'ஐயா' என்று தொடங்கி அடித்துவிட்டு, வேறு தாளில் எழுதினேன்.

சின்ன மாமாவுக்கு வணக்கம்.

என் பெயர் தனலெட்சுமி. உங்கள் அப்பா நாகையாவுக்கு, சயாம் போவதற்கு முன் பிறந்த மகன் ஒருவர் இருக்கிறார். தம்புசாமி, என் மாமனார், வயது 84. பதிவேட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சொத்துக் கேட்டோ குறை சொல்லியோ இதை எழுதவில்லை. தன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்த கையைப் பார்க்க வேண்டும் என்கிறார். 29 ஜூலை, செவ்வாய், வளர்பிறைப் பஞ்சமி. மோரிப் கடற்கரையில் காலை எட்டு மணிக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்தே எள்ளும் தர்ப்பையும் குருக்களிடம் சொல்லிவிட்டேன். செராஸுக்குக் கார் வரும். என் நாத்தனார் மலர் தானே ஓட்டி வருவதாக நேற்றுச் சொன்னாள்.

மாமா உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், போதும்.

என் போன் நம்பர் தாளின் பின்பக்கம் இருக்கிறது. வருவீர்களா மாட்டீர்களா என்று சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.