டத்தோவின் கோலும் என் கொடியும்

ஜூலை 10, வியாழன்

காலையிலிருந்தே புகைமூட்டம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் மாடியிலிருந்து எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை. வேதியியல் பயிற்சி பாக்கி. நன்றியுரையும் பாக்கி.

ஞாயிறன்று கிள்ளான் திடலில் விமலா மிஸ்ஸின் கடைசி ஆட்டம். கால்பந்து நடுவர் வேலையிலிருந்து விலகுகிறார். முட்டி தேய்ந்துவிட்டது. அவரிடம் கோட்டோரம் கொடி பிடிக்கக் கற்ற பெண்கள் சார்பில் நான் பேச வேண்டும். அன்று கோட்டோரம் கொடி பிடிப்பதும் நான்தான்.

எழுதியவை: கலங்கரை விளக்கம், ஏணி, மெழுகுவர்த்தி. எல்லாம் அடித்தாயிற்று. மிஸ் மெழுகுவர்த்தி அல்ல. சூழ்ந்து நின்று கத்திய ஆண்களிடம், "மெதுவா பேசுங்க, எனக்குக் காது நல்லாவே கேக்குது" என்றவர்.

ஜூலை 11, வெள்ளி

தோசை கருகியது. அடுப்பருகே நான் படித்துக்கொண்டிருந்த கால்பந்து விதிப் புத்தகத்தை அம்மா திட்டினார்.

உரையைக் கழகச் செயலாளர் அங்கிள் கேட்டிருந்தார். அனுப்பினேன். 'பெண் என்பதால் பல வருடம் சிறுவர் ஆட்டங்களை மட்டுமே கொடுத்தார்கள்' என்ற வரி வேண்டாமாம். வாட்சாப்பில் குரல்:

"நல்ல நாளு அதுவுமா எதுக்கும்மா இதெல்லாம்? இன்னொண்ணு. டத்தோ ஒரு கோல் போடுவாரு. வருஷா வருஷம் போடுவாரு. கொடிய சும்மா கீழ வச்சுக்கோ லா."

சுல்தானிடம் 'டத்தோ' பட்டம் வாங்கிய அவர்தான் கழகத்துக்குப் பணம் கொடுப்பவர். அவர் ஆடும் இந்த நட்பு ஆட்டத்துக்கு மிஸ் ஒருமுறைகூட விசில் ஊதியதில்லை, மறுத்துவிடுவார். இம்முறை 'மரியாதை' என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார்கள்.

செப்டம்பர் நடுவர் பயிற்சிக்கு என் பெயரை அனுப்புபவரும் அங்கிள்தான். அதையும் நினைவுபடுத்தினார், அன்பாக.

வரியை எடுக்கவில்லை.

ஜூலை 12, சனி

விதிப் புத்தகத்தில் ஆஃப்சைட் பகுதி, மறுபடியும்: பந்து தட்டப்படும்போது, அதை வாங்குபவருக்கும் கோலுக்கும் நடுவே எதிரணியினர் இருவராவது இருக்க வேண்டும். டத்தோக்களுக்குத் தனி விதி இல்லை. தேடிப் பார்த்தேன்.

அம்மா: "ஒரு கோலுதானேடி. போனாப் போகுது."

"மிஸ்ஸோட கடைசி மேட்ச்மா."

"அதான் சொல்றேன். அழகா முடியட்டுமே."

காலுறை துவைத்தேன். அந்தப் பயிற்சி எனக்கு வேண்டும். ரொம்ப வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

கொமுட்டர் ரயில் தாமதம். திடலில் நல்ல வெயில். கூடாரம், கேக், மைக்.

இரண்டாம் பாதி. டத்தோ மூச்சு வாங்கியபடி கோலுக்கு அருகே நின்றுவிட்டார். எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் மரியாதைக்காக ஒவ்வொருவராக முன்னே நகர்ந்து, அவருக்கு வழிவிட்டார்கள். அந்த மரியாதையால்தான் வினை. சக ஆட்டக்காரர் பந்தை அவருக்குத் தட்டியபோது அவருக்கும் கோலுக்கும் நடுவே கோல்கீப்பர் மட்டும். கீப்பரும் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

கோல். கைதட்டல்.

என் கொடி மேலே.

"ஏய் பிள்ள! கீழ போடு!" அங்கிளின் குரல், கூடாரத்திலிருந்து. போடவில்லை. கை நடுங்கியது. மிஸ் என்னைப் பார்த்தார். டத்தோவைப் பார்க்கவே இல்லை. விசில்.

"என்னா, ஆஃப்சைடா?"

"ஆமா டத்தோ" என்றார் மிஸ்.

"இத்தன வருஷமா நான் அங்கதானே நிக்கிறேன்?"

"இத்தன வருஷமும் ஆஃப்சைடுதான், டத்தோ."

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறைய பேர். ஆட்டம் சமம், கோல் இல்லை.

கேக் வெட்டினார்கள். "நேரமில்ல, ஸ்பீச் வேணாம்" என்று அங்கிள் மைக்கை எடுத்துக்கொண்டார். உரை பையிலேயே. பயிற்சியைப் பற்றிக் கேட்டேன். "எந்தப் பயிற்சி?" என்றார்.

ரயிலில் அழவில்லை. கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 14, திங்கள்

தோள் வலி. வேதியியல் இன்னும் பாக்கி.

நடுவர் வாட்சாப் குழுவிலிருந்து அங்கிள் என்னை நீக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில், குழுவில் இருக்கும் தோழி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாள். என் பெயருக்குக் கீழே இன்னொரு வரி: விமலா வெளியேறினார்.

மாலையில் மிஸ்ஸின் செய்தி: "சனிக்கிழம காஜாங்ல சின்னப் பசங்க மேட்ச். அங்க வேற கழகம், சொல்லி வச்சிட்டேன். கொடி எடுத்துட்டு வா. நான் நாற்காலி போட்டு உக்காந்து பாப்பேன். நேத்து கை ஆடுச்சு."

'நன்றி மிஸ்' என்று தட்டினேன். அழித்தேன்.

'வரேன் மிஸ். ஆடாது' என்று அனுப்பினேன்.