நீ கேட்ட நான்கு டியூப்பும் உன் அம்மாவின் முகமும்

விருத்தாசலம்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் வெண்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நடமாடிக்கொண்டு இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி காவியாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்ப ஆசைப்படுகிறேன், ஆனால் நீ போனில் ‘நல்லாருக்கோம்ப்பா’ என்று சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறவன் இல்லை. மங்கலம்பேட்டை ஷாகுல் பாயின் மகன் நாளை மறுநாள் அங்கே திரும்புகிறார், நீ கேட்ட மல்லித்தூள், வடகம், காவியாவுக்கு முறுக்கு எல்லாம் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முகத்துக்குப் போடுகிற டியூப் நான்கு கேட்டாயே, அது மட்டும் பொட்டலத்தில் இருக்காது. அப்பா மறந்துவிட்டார் என்றோ கடையில் கிடைக்கவில்லை என்றோ நினைக்காதே. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி கேட்டதுமே ‘சரிப்பா சரிப்பா’ என்று வைத்துவிடுவாய், பாதி மட்டும் கேட்டால் இது ஆபத்தான விஷயம். இன்னொன்று, வாயால் சொல்ல எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

போன ஆனியில் நீ லீவுக்கு வந்தபோது ஆறு டியூப்பை நானே உன் பெட்டியில் வைத்தேன். ஏசியில் உட்கார்ந்து உட்கார்ந்து கைத்தோல் காய்ந்து வெடிக்கிறது என்றாய், கைக்குத்தானே என்று இருந்தேன். கைவெடிப்புக்கு எட்டு மாதத்தில் ஆறு டியூப் தீருமா? போன வாரம் ‘மொகத்துக்குப் போடுறது’ என்று உன் வாயிலிருந்தே வந்துவிட்டது. வீடியோவில் இப்போதெல்லாம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாய், உன் முகம் இருட்டாகத்தான் தெரிகிறது. விளக்கைப் போடு என்றால் பல்பு போய்விட்டது என்கிறாய். ஒரு பல்பு மாற்ற மூன்று வாரமா? முப்பத்தொரு வருஷம் பீங்கான் கம்பெனியில் பியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத கீறலைச் சத்தத்திலேயே கண்டுபிடித்து ஒதுக்கி வைத்தவன் நான், உன் குரலில் ஏதோ சரியில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காதையும் கண்ணையும் வைத்துக்கொண்டு நான் வீட்டில் என்ன செய்தேன் என்பதை நீ முதலில் கேட்க வேண்டும்.

நம் வீட்டு முன் அறையில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாளே பாரதி, கம்மாபுரம் பக்கத்துப் பெண், ஊரில் நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு இங்கே வந்தவள். அவள் காலி செய்துவிட்டாள் என்று மட்டும் உன்னிடம் சொன்னேன், நான்தான் துரத்தினேன் என்று சொல்லவில்லை. ஆவணியில் உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவை உட்கார வைத்து அவள் முகத்துக்கு ஏதோ பூசி விட்டாள். நாலாம் நாள் அம்மாவின் இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்து, தொட்டால் சுடுகிற மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வேறு யோசனையே வரவில்லை. அவள் இல்லாத சமயம் பார்த்து டப்பாக்களை மோந்து பார்த்தேன். இரண்டில் பெயர்ச்சீட்டே இல்லை, அது போதாதா எனக்கு? உன் அம்மா குளிக்கிற சோப்பை மாற்றினேன், கஸ்தூரி மஞ்சளில் கலப்படம் என்று தூக்கி எறிந்தேன், கத்திரிக்காய், கருவாடு, வேர்க்கடலை எல்லாவற்றையும் நிறுத்தினேன். பால்காரரிடம்கூடச் சண்டை போட்டேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பார்லரில் கல்யாணப்பெண்ணோடு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே நுழைந்து டப்பாவைக் கையில் எடுத்துக் காட்டி, “எங்க வூட்டுக்காரம்மா மூஞ்சிய கெடுத்தது இதுதான், நீங்களும் பூசிக்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் கத்தவில்லை வெண்பா. “இது வெறும் முல்தானி மட்டிங்கப்பா, நானே பொட்டலம் வாங்கிப் பிரிச்சுப் போட்டது” என்று சொல்லி அதைக் குழைத்துத் தன் இரண்டு கன்னத்திலும் பூசிக்கொண்டு என் எதிரிலேயே நின்றாள். அது காய்கிற வரைக்கும் நின்றாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். இருபது நாளில் அறையைக் காலி செய்து சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பாலக்கரையில் வேறு கடை பார்த்துப் போய்விட்டாள்.

அவள் போன பிறகும் சிவப்பு போகவில்லை, கூடியது. வேப்பூரில் ஒரு காதுகுத்துக்குப் போய் பஸ்ஸில் வெயில் பக்கம் உட்கார்ந்து வந்த அன்றைக்கு அம்மாவின் முகம் வீங்கி, மெல்லிய சிவப்பு நரம்பு நரம்பாகத் தெரிந்தது. எனக்கு அப்போதும் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? இவள் திருட்டுத்தனமாக பாரதியிடம் போய் இன்னும் பூசிக்கொள்கிறாள் என்று போயிற்று. செவ்வாய்க்கிழமைதோறும் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு என்று கிளம்புகிறவள் திரும்பி வரும்போது நெற்றியில் விபூதி இல்லை. ஐப்பசியில் ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவின் பின்னாலேயே போனேன். என் சந்தேகம் சரிதான், பாலக்கரையில் பாரதியின் கடைக்குள்ளேதான் போனாள். பிடித்துவிட்டேன் என்ற வேகத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால், உன் அம்மா நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறாள், பாரதி வெள்ளைத்துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து அவள் கன்னத்தில் ஒற்றிக்கொண்டிருக்கிறாள். வேறு ஒன்றுமே இல்லை. என்னைப் பார்த்ததும் பாரதி துணியைக் கீழே வைக்காமலே பேசினாள். “தோல் டாக்டருகிட்ட போங்கம்மான்னு மூணு தடவ சொல்லிட்டேன். ஒங்களுக்குப் பயந்துகிட்டு போவ மாட்டேங்கறாங்க. எரிச்சல் தாங்காம இங்க வந்து ஒக்காந்துட்டுப் போறாங்க.” என்னடி பயம் என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. “நீங்க வாங்கியார டியூபுதாங்க எரியுது. போட்டாலும் எரியுது, ஒரு நாளு போடலைன்னா அதுக்கு மேல எரியுது. ரெண்டு வருசமா ஆசையா வாங்கியாந்து தரீங்க, எப்புடி சொல்றது?” என்றாள்.

அந்த டியூப் எப்படி வீட்டுக்குள் வந்தது என்று உனக்குத் தெரியாது. முன்னொரு காலத்தில் என் இடுப்பில் படை வந்தபோது ஒரு மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள், நாலு நாளில் மறைந்துவிட்டது. அன்றிலிருந்து உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே பொருள் அதுதான். அம்மாவுக்கு அறுபது நெருங்கும்போது கன்னம் காய்ந்து செதில் செதிலாக உரிந்தது, நான்தான் இதைப் போடு என்று கொடுத்தேன். ஒரே வாரத்தில் பளபளவென்று ஆகி, பத்து வயசு குறைந்துவிட்டது என்று கல்யாண வீட்டிலெல்லாம் கேட்டார்கள். எனக்குப் பெருமை. விட்டால் சிவக்கிறது என்று அவள் சொன்னபோது, பார்த்தாயா, மருந்து தேவைப்படுகிறது என்று இன்னும் தாராளமாகப் போடச் சொன்னேன்.

மறுநாளே கடலூரில் ஒரு தோல் டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் முகத்துக்கும் உடம்புக்கும் போடுகிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சோப்பு, பவுடர், மஞ்சள், பாரதியிடம் கேட்டு வாங்கிய அந்த டப்பா என்று ஒரு பை நிறையக் கொட்டி வைத்தேன், டியூப்பை மட்டும் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதை ஏன் எடுக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாதான் என் சட்டைப்பையைக் காட்டினாள். டாக்டரம்மா மற்றதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு டியூப்பைத் திருப்பி எழுத்தைப் படித்தார். “இதுல வீரியமான ஸ்டீராய்டு இருக்குதுங்க. அதுவும் மூஞ்சிக்கு, ரெண்டு வருசமா?” என்றார். வயசாக ஆகத் தோல் தானாகவே மெலியும், எண்ணெய்ப் பசை குறையும், வெயிலையும் சோப்பையும் தாங்காது, அந்த மெலிந்த தோலை இது இன்னும் தேய்த்து வெங்காயச் சருகு மாதிரி ஆக்கிவிட்டது, உள்ளே அழற்சி அடங்கின மாதிரி நடித்துவிட்டு விட்டதும் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது என்று விளக்கினார். நான் அவரையும் சந்தேகப்பட்டேன். கீழே மருந்துக்கடை இருக்கிறது, இனி மூட்டை மூட்டையாக எழுதித் தருவார் என்று நினைத்தேன். எழுதியது வாசனையில்லாத ஒரு வெள்ளைக் களிம்பும் சில மாத்திரையும் மட்டும்தான். வெந்நீர் வேண்டாம், முகத்துக்குச் சோப்பு வேண்டாம், குளித்த ஈரம் காய்வதற்குள் களிம்பைத் தடவ வேண்டும், தேய்க்கக் கூடாது, வெயிலில் குடை இல்லாமல் போகக் கூடாது, அவ்வளவுதான். கத்திரிக்காயை நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன், “அவங்களுக்கு அரிக்கலைன்னா ஏங்க நிறுத்துனீங்க, நல்லா சாப்பிடட்டும்” என்று சிரித்தார்.

டியூப்பை விட்ட முதல் ஐந்து வாரம் அம்மா பட்ட பாட்டை எழுத முடியாது. கண் இடுங்கி, முகம் கசிந்து, ஃபேன் காற்றுகூடப் பட முடியாமல் இருந்தாள். அப்போதெல்லாம் நீ கூப்பிட்டால் தூங்குகிறாள் என்று நான் சொன்னது பொய். ஒரு நாள் அந்த டியூப்பில் கொஞ்சமே கொஞ்சம் போட்டுக்கொள்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், நான் கொடுக்கவில்லை, அடுப்படியில் போய் நின்று அழுதேன். மார்கழிக்குப் பிறகு மெல்ல அடங்கியது. இப்போது சிவப்பு பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது, நரம்பு தெரிவது முழுதாகப் போகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பளபளப்பும் போய்விட்டது. கண்ணோரத்துச் சுருக்கமெல்லாம் தெரிகிறது, ஆனால் தொட்டால் தோல் தோலாக இருக்கிறது.

பொங்கல் கழிந்து பாலக்கரைக்குப் போனேன். கடையில் ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன், அன்றைக்கு ஏழெட்டுப் பேர் முன்னால் சொன்னேன் அல்லவா. நான்கு பெண்கள் இருந்தார்கள். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, கெடுத்தவன் நான்தான் என்று சொன்னேன். பாரதி கையில் இருந்த சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு, “சொன்னீங்களே, அது போதுங்கப்பா. ஆனா கல்யாணப்பொண்ணு எந்திரிச்சுப் போனது போனதுதான். திரும்ப ஒங்க வூட்டுக்கு நான் வர மாட்டேன்” என்றாள். அவள் சொன்னது நியாயம். முன் அறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

ஐப்பசியிலேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ கைக்குத்தான் போடுகிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நான்கு மாதத்தை ஓட்டிவிட்டேன், போன வாரம் நீ இன்னும் நான்கு கேட்டதும்தான் பேனாவை எடுத்தேன். ஆகவே கவனமாகப் படி. டியூப்பின் அட்டையைக் கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன், அதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அங்கே ஒரு தோல் டாக்டரைப் பார். நீயாக அங்கே கடையில் தேடி வாங்காதே, நீயாகத் திடீரென்று நிறுத்திவிட்டு அம்மா மாதிரி தனியாகக் கஷ்டப்படவும் செய்யாதே, எப்படி விடுவது என்று அவர்கள் சொல்வார்கள். உனக்கு நாற்பத்திரண்டு ஆகிறது, தோல் காய்வதும் லேசாகச் சுருங்குவதும் வியாதி இல்லை. காவியாவின் முகத்தையும் பார், பரு என்று அந்தப் பிள்ளை எடுத்துத் தடவியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம். இல்லை என்று அவள் சொன்னாலும் பகல் வெளிச்சத்தில் நிற்க வைத்துப் பார்.

மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசீர்வாதம். மூன்று பேரும் நோய் நொடி அண்டாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று பழமலைநாதரை வேண்டிக்கொள்கிறேன். கடிதம் கிடைத்ததும் போன் செய். எனக்கு மனசு கஷ்டப்படும் என்று உன் அம்மா இரண்டு வருஷம் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். நீ அப்படி இருக்காதே. முகம் எரிந்தால் எரிகிறது என்று சொல், உன்னால்தான் என்று சொல், எவ்வளவு நேரம் திட்டினாலும் நான் போனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சாமிதுரை