பாதிப் புருவமும் ஒரு வருஷப் படிப்பும்

மார்ச் 4

அன்புள்ள மொட்டைத் தம்பிக்கு,

வெளியே சொல்ல வெட்கம், உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: என் இடது புருவத்தில் பாதி இப்போது இல்லை. தடித்த சட்டம் போட்ட பழைய கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டுதான் நாலு நாளாக மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறேன்.

காரணம் நீதான். உன் மகள் அழகுக்கலைப் பள்ளியின் நோட்டீஸைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். நீயோ, படித்து முடித்தால் என்ன சம்பளம் வரும் என்று அவளுக்குத் தெரியாமல் விசாரித்து எழுது என்றாய். போனில் பேசலாமென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் காது இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

சும்மா போய்ச் சம்பளம் கேட்டால் துரத்திவிடுவார்கள் என்று, ஒரு பார்லரில் புருவம் திருத்த உட்கார்ந்தேன். அங்கிருந்த பெண் அதே பள்ளியில் படித்தவள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்வார்கள். வாயில் நூல் இருப்பவளிடம் கேள்வி கேட்கக்கூடாது என்பது எனக்கு உறைக்கவில்லை. "படிச்ச செலவு கைக்கு வந்துடுச்சாம்மா?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நூல் புருவத்தோடு போய்விட்டது.

காசு வாங்காமல், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முதல் வருஷம் தலை அலசுவதும் முடி கூட்டுவதும்தானாம். இப்போது மூன்றாவது வருஷம். டிப்ஸையும் சேர்த்து, நான் கடையில் வாங்குவதில் பாதி வருகிறது. நான் வாங்கும் லட்சணம் உனக்கே தெரியும்.

கட்டணமோ, நீ இரண்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிப்பது. அதைக் கட்ட அந்த வெளிநாட்டுக் கிடங்கில் நீ இன்னும் இரண்டு வருஷம் ஒப்பந்தம் போடவேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்து என்று எழுதியிருந்தாய். அவள் அம்மா போனபின் நீ அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போனபோது அவளுக்கு ஏழு வயது. பதினொரு வருஷம் ஆகிவிட்டது, என்னைவிட உயரமாக நிற்கிறாள். இதை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

உன் அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தலையில் ஒன்றுமே இல்லாதவனிடம் வந்து பாதிப் புருவத்துக்கு அழுகிறாய். அது வளர்ந்துவிடும்.

ஒரே ஒரு பெண் சொன்னதை வைத்து முடிவு கட்டாதே. நோட்டீஸில் மூன்று பெண்கள் சிரிக்கிறார்கள், முதல் மாதமே கை நிறையச் சம்பளம் என்று போட்டிருக்கிறது என்று போன மாதம் நீதானே எழுதியிருந்தாய். அவர்களைப் பிடி. இவள் போனில் 'அப்பா' என்று இழுத்தால் எனக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. கையில் ஒரு காரணம் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்மேல் கோபமா? எதையும் மென்று முழுங்காமல் எழுது.

தம்பி


மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

அந்தப் பள்ளிக்கே போனேன், சேரவந்தவள் மாதிரி. வரவேற்பில் இருந்த பெண் முதலில் 'மேடம்' என்றாள், கிட்டே வந்து பார்த்தபின் 'ஆன்ட்டி' என்றாள். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் இடுப்பு எதிரே வந்தது. நோட்டீஸை நீட்டி, இந்த மூன்று பேரும் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் மாடியில் வகுப்பெடுக்கிறார்களாம். மூன்றாவது ஆளைக் கேட்டதும் நெளிந்தாள்.

"நான்தான் ஆன்ட்டி. போட்டோவுக்கு நிறைய மேக்கப் போட்டுட்டாங்க."

ஆக, இந்தப் படிப்பில் நல்ல சம்பளம் வேண்டுமானால் அடுத்தவளை இதே படிப்பில் சேர்த்துவிட வேண்டும். வெளியே போன மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை என்பதையும் பாவம் அவளே மெதுவாகச் சொன்னாள்.

எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுவானேன் என்று, இன்று பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள பார்லருக்கும் போனேன். தலையை மட்டும் அலசச் சொல்லிவிட்டுப் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். நல்ல இதமான கை. வழக்கம்போல ஆரம்பித்தேன்: இந்தத் தொழிலில் என்ன கிடைக்கும், எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, விடிந்தாலும் எழுந்திருக்காது, அதற்கெல்லாம் இது சரிப்படுமா என்று. கை நின்றது.

"தண்ணி சூடு சரியா இருக்கா, அத்தை?"

உன் மகளேதான். சனிக்கிழமை தோறும் தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவள், ஆறு வாரமாக அங்கே தலை அலசுகிறாள். கண்ணில் ஷாம்பு இருந்ததால் என்னால் முறைக்கக்கூட முடியவில்லை. அந்தப் பள்ளிமேல் ஆசைப்பட்டது உண்மைதானாம். இலவச வகுப்பு ஒன்றில் ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

"அங்க எல்லாம் பொம்மைத் தலை, அத்தை. சுடுதண்ணி ஊத்தினாலும் பேசாம இருக்கும். திட்டுற தலையிலதான் தொழில் படியும்."

"பின்னே ஏண்டி அப்பாகிட்ட சொல்லலை?"

"வேணாம்னு நான் சொன்னா, பணத்தை நினைச்சு விட்டுக்கொடுக்கிறேன்னு நினைப்பாரு. அதுக்காகவே இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே இருந்துடுவாரு."

இதைச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்று துண்டு மடித்தாள். ஒரே துண்டை மூன்று தடவை மடித்தாள்.

அடுத்த மாதத்திலிருந்து பார்லர்க்காரி அவளைத் தினமும் வைத்துக்கொள்கிறாள், சம்பளத்தோடு. மாலையில் அரசுப் பயிற்சி நிலையத்தில் வகுப்பு. கடைசியில் எழுதும் பரீட்சை இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். அங்கே கட்டணம் உன் ஒரு மாத மிச்சம்கூட ஆகாது. எனக்கே நம்பிக்கை வராமல் மறுபடியும் மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது.

கையெழுத்துப் போடாதே. கிளம்பி வா. உன் அறையிலிருந்து என் தையல் மெஷினை நகர்த்திவிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, அதையும் உன் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்து படி என்றாய். கிடங்கில் நாற்காலி ஏது, நின்றுகொண்டேதான் படித்தேன். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவன், என்னப்பா தனியாகச் சிரிக்கிறாய் என்றான். என் மகள் தலை அலசுகிறாள் என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி மாலை வந்து சேருவேன். அவளிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும்.

எனக்காக இவ்வளவு அலைந்த உன்னிடம் ஒன்றை மறைக்கக்கூடாது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இந்தப் படிப்பில் நல்ல வருமானம் என்று எழுதிவிடுவாயோ என்ற பயத்தோடுதான் உன் கடிதங்களைப் பிரித்தேன். ஒப்பந்தம் வேண்டாம் என்று நான் இங்கே எழுதிக்கொடுத்தது பிப்ரவரி பதினொன்று. உன்னை விசாரிக்கச் சொல்லி எழுதியது பதினெட்டு.

மொட்டை