டான்சிக் எந்தப் பக்கம்

1987 மே 9, சனி

காலையில் மழை, பிறகு வெயில். குப்பைக் குழாய் நாலாம் மாடியில் அடைப்பு. யாரோ முழுத் தலையணையைத் திணித்திருக்கிறார்கள். ரெக்ஸ்டேலில் கட்டடம் பராமரிக்க வந்தவனுக்கு வாய்த்த சனிக்கிழமை.

மத்தியானம் ஒன்பதாம் மாடி, ஜேர்மன்காரர் ஹேர் பௌமன் வீடு. ஹேர் என்றால் அவர்கள் மொழியில் ஐயா. எண்பதைத் தொடப் போகிறார், கண் மங்கல். இந்தக் கட்டடத்தில் அவரோடு ஜேர்மன் பேச என்னை விட்டால் ஆளில்லை. என்னுடையது ஜேர்மனியில் அகதி விடுதியில் இருந்தபோது சாப்பாட்டு வரிசையில் பொறுக்கியது. அவருக்கு அது போதும்.

அடுத்த மாதம் ஜேர்மன் முதியோர் கூட்டமொன்றில் பேசப் போகிறாராம். தலைப்பு: பால்டிக் உதைபந்தாட்டச் சாம்பியன்ஷிப், இரண்டு உலக யுத்தங்களுக்கும் நடுவில். பெரிய வரைபடம் ஒன்று வேண்டும். நான்தான் கீற வேண்டும். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், கோப்பி வந்துவிட்டது.

வாங்க: படத்துக்குப் பிறிஸ்டல் போட் அட்டை, மார்க்கர் (சிவப்பு, நீலம், பச்சை), குழாய் வாஷர், பால், மனைவி தவத்துக்குத் தலையிடிக் குளிசை.

மே 13, புதன்

குளிர் திரும்பிவிட்டது. ஹீட்டரை ஏன் நிறுத்தினாய் என்று பல போன்.

வரைபடம் தொடக்கம். மேலே பால்டிக் கடல். வலது பக்கம் கிழக்குப் பிரஷ்யா, இடது பக்கம் பொமரேனியா. நடுவில் போலந்துக்குப் போன நிலம். முதல் யுத்தத்துக்குப் பிறகு எல்லையை மாற்றியதில் கிழக்குப் பிரஷ்யா ஜேர்மனியிலிருந்து அறுந்து தனித் துண்டாகிவிட்டது. சாம்பியன்ஷிப்பை மட்டும் யாரும் அறுக்கவில்லை. ஒவ்வொரு பகுதியிலும் வென்றவர்கள் கூடி மோதுவார்கள். அதிலும் வென்றவர் முழு ஜேர்மனிப் போட்டிக்குப் போவார். அங்கே தெற்கிலும் மேற்கிலும் உள்ள பெரிய கழகங்கள் பெரும்பாலும் அடித்துத் துரத்திவிடும்.

ஆட்டத்துக்குப் போகிற ரயில் போலந்து நிலத்தைத் தாண்டும் வரை கதவு பூட்டியிருக்குமாம். இறங்க முடியாது. சிலர் கப்பலில் போய் வாந்தி எடுத்துக்கொண்டே விளையாடினார்களாம்.

ஹேர் பௌ. இன்ஸ்டர்பேர்க் என்ற ஊருக்கு இடது பின்கள ஆட்டக்காரர். "சாம்பியன் ஆனீர்களா?" என்று கேட்டேன். "ஒரு தடவையும் இல்லை." வெல்லாதவர் எழுதுகிற வரலாறு. எனக்குப் பிடித்திருக்கிறது.

மே 17, ஞாயிறு

வெயில். தவம் மீன் குழம்பு.

சுதன் பேசினான். எழுதி வைக்க வேண்டிய விஷயம். தவத்தின் தம்பி, எங்களோடு இருக்க வந்து ஒரு வருடத்துக்கு மேல். பேக்கரியில் வேலை, பிறகு அறை, பிறகு பேக்கரி. ஊரில் இராணுவம் பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்து விடுவித்த பிறகு இப்படி. கேட்டால் "ஓம்", "இல்ல", "பசிக்கல்ல". தவம் தினமும் அவன் கதவுக்கு முன்னால் நின்று எதையாவது சொல்லிவிட்டு, பதில் வராமல் திரும்பி வருகிறாள். அவன் வாய் திறந்து பேச வேண்டும், அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். எனக்கும்தான்.

இன்று தமிழ்க்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ். ஜூலையில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. சுதன் அதன் முன்னால் நின்றான். பள்ளிக்கூடத்தில் அவன்தான் கோல்கீப்பர். பஸ்ஸில் திடீரென்று: "அத்தான், நமக்கு டீம் இருக்கா?"

விசாரிக்கிறேன் என்றேன். தவத்திடம் சொன்னபோது அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

மே 19, செவ்வாய்

போட்டிச் செயலாளருக்குப் போன். யாழ்ப்பாணத்தவர், மரியாதையானவர். அணிகள் ஊர் வாரியாக. எல்லோரும் ஸ்காபரோவில் ஒரே தெருவில் இருந்தாலும் பந்து அடிப்பதற்கு ஊர் வேறு.

"மட்டக்களப்பில எந்த ஊர் அண்ணை?"

சொன்னேன்.

"அந்த ஊர் ஆக்கள் இஞ்ச எத்தினை பேர்?"

"நானும் மனிசிட தம்பியும்."

"அப்ப கஷ்டம். வேற ஊரோட சேத்துவிட்டா மற்ற ஊர்க்காரர் புரொட்டெஸ்ட் பண்ணுவினம். தாயோ தேப்பனோ ஆராவது எங்கட யாழ்ப்பாணப் பக்கம் இல்லையோ?"

இல்லை. எங்கள் பரம்பரையில் ஒருவரும் உதைபந்தாட்டத்தை யோசித்துக் கலியாணம் கட்டவில்லை.

சுதனுக்கு இன்னும் சொல்லவில்லை. அவன் சப்பாத்து வாங்கிவிட்டான். கறுப்பு, கட்டிலுக்குக் கீழே பெட்டியோடு.

மே 24, ஞாயிறு

நல்ல வெயில். ஹேர் பௌ.வுக்கும் கிச்சனர் என்ற ஊரில் இருக்கும் அவர் நண்பருக்கும் போனில் சண்டை. ஒரு வருடத்துக்கு ஆளுக்கொரு சாம்பியன் சொல்கிறார்கள். அந்த வருடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

டான்சிக் நகரத்துக்கு எந்த நிறம் என்று கேட்டேன். கிழக்குப் பிரஷ்யா சிவப்பு, பொமரேனியா பச்சை, போலந்து நீலம். டான்சிக் எந்தப் பக்கம்?

"ஒரு பக்கமும் இல்லை," என்றார். யுத்தத்துக்குப் பிறகு அது தனி நகரம். தனிக் காசு, தனி முத்திரை. ஆனால் அவர்களுடைய கழகங்கள் பால்டிக் போட்டியில் தொடர்ந்து ஆடின.

"யார் விட்டது?"

"யாரும் விடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. வந்தார்கள், ஆடினோம்."

பிறகு நாஜிகள் வந்து அந்தச் சாம்பியன்ஷிப்பையே ஒழித்துவிட்டார்கள். கழகங்களை வேறு மாதிரிப் பிரித்தார்கள். அதைப் பற்றி ஒரு வரிதான் பேசப் போகிறாராம்.

டான்சிக்கை நிறமில்லாமல் வெள்ளையாக விட்டேன். இறங்கி வரும்போது லிஃப்டில் யோசனை வந்தது. கிறுக்கு யோசனை.

மே 30, சனி

புழுக்கம். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு ஸ்காபரோ. அங்கே ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் போட்டிக் கமிட்டிக் கூட்டம். வடை, பால் விடாத பிளேன்ரீ.

மேசையில் விரித்தேன். ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "உது ஆருடைய காணிப் படம்?" என்றார்.

சொன்னேன். பால்டிக், ரயில் கதவு, எல்லாம். நடுவில் வெள்ளையாகக் கிடந்ததை ஒருவர் தொட்டார். "உது எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்ல. ஆனா விளையாட விட்டாங்க."

"இப்ப உந்த இடமெல்லாம் ஆருடைய கையில?"

"போலந்துக்காரரும் ரஷ்யாக்காரரும் வச்சிருக்காங்க. இருந்த சனம் வெளிக்கிட்டிட்டு."

வடைத் தட்டு ஒரு சுற்று வந்தது. பிறகு எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். யாழ்ப்பாணத் தீவுப் பகுதிக்காரர் ஒருவர், அப்படியென்றால் தங்கள் தீவுக்கு இரண்டு அணி வேண்டும் என்றார். இவர்களைத் திருத்த முடியாது.

செயலாளர் கையை உயர்த்தினார். "சரி அண்ணை. பதினொரு பேரைக் கொண்டு வாங்கோ. எந்த ஊரெண்டாலும் பரவாயில்லை. பேர் ஒண்டு சொல்லுங்கோ."

பேரை நான் யோசித்திருக்கவில்லை. படத்தைப் பார்த்து "டான்சிக்" என்றேன். அவரும் எழுதிக்கொண்டார்.

ஜூன் 7, ஞாயிறு

இதுவரை சேர்ந்தவர்கள்: மட்டக்களப்புப் பக்கத்து வேறு ஊர்கள் ஐந்து. மன்னார்க் கத்தோலிக்கப் பெடியள் மூன்று. திருகோணமலை ஒன்று, பிக்கரிங்கிலிருந்து காரில் வருகிறான். ஹற்றன் ஒன்று. சுதன்.

கட்டடத்துக்குப் பின்னால் பயிற்சி. முதல் மாடி ஜன்னல் ஒன்று போனது. நானே மாற்றினேன், நானே புகாரையும் எழுதிக்கொண்டேன். சுதன் விழுந்து விழுந்து பிடிக்கிறான். ஆனால் வாய் திறப்பதில்லை. பின்களத்தைக் கத்தி நகர்த்தாத கோல்கீப்பரை என்ன செய்வது? மன்னார்ப் பெடியன் கேட்டான்: "அண்ணை, இவர் ஊமையோ?"

தவம் ஜன்னலில் நின்று பார்த்தாள். கேட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

அணியின் பெயரை ஹேர் பௌ.விடம் சொன்னேன். சிரிக்கவில்லை. டான்சிக்காரர் பந்தை விட்டுக் காலைப் பார்த்து உதைப்பவர்கள் என்றார்.

ஜூன் 20, சனி

தூறல். ஹேர் பௌ.வின் பேச்சு. சனம் குறைவு, கேக் அதிகம். வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கை கடுத்தது. கிச்சனர் நண்பர் நடுவில் எழும்பி அந்த வெறுமை வருடத்துக்குத் தன் சாம்பியனைச் சொன்னார். ஹேர் பௌ. மறுத்தார். இருவருக்கும் நல்ல சந்தோஷம்.

முடிந்த பிறகு ஒரு அம்மா வந்து படத்தில் விரலால் தேடினார். அவர் பிறந்த ஊரை நான் கீறவில்லை. எங்கே என்று காட்டச் சொல்லி எழுதினேன். பிறகு இன்னொருவர். பிறகு வரிசை. மார்க்கர் காய்ந்துவிட்டது.

ஜூலை 4, சனி

கடும் வெயில். தவத்துக்கு வேலை, வரவில்லை.

முதல் சுற்று. 5-0 தோல்வி. டான்சிக் மத்தியானத்துக்குள் வெளியே.

முதல் கோல் விழுந்தபோது சுதன் பந்தைப் பேசாமல் எடுத்து வந்தான். இரண்டாவதுக்கும் அப்படித்தான். மூன்றாவதில் மன்னார்ப் பெடியன் எதிரணியில் இரண்டு பேரை விட்டுவிட்டு நின்று பார்த்தான். சுதன் கத்தினான். "டேய், ஆளப் பிடிடா. உன்னத்தான்." மைதானமே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு விசில் ஊதும் வரை ஓயவில்லை.

பஸ்ஸிலும் ஓயவில்லை. "பின்னுக்கு நிண்டவனுகள் என்ன செஞ்சானுகள் அத்தான்? அந்த றெஃப்ரிக்குக் கண் இருக்கா?" ஒரு கிழவி எங்கள் பக்கத்து ஆசனத்தை விட்டு முன்னுக்குப் போய் உட்கார்ந்தாள். நான் "ஓம்", "இல்ல" என்றதோடு சரி.

வீட்டில் தவம் சோறு போட்டாள். அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, உப்புப் போத்தலைக் கோல் கம்பமாக வைத்து அவளுக்கு முதல் கோலிலிருந்து தொடங்கினான். அவளுக்கு உதைபந்தாட்டம் ஒன்றும் தெரியாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அழுகிறாள் என்பதை அவன் கவனிக்கவில்லை.

ஐந்தாவது கோலுக்கு வரும்போது சோறு ஆறிப்போயிருந்தது. சாப்பிடு என்று அவள் ஒரு தரமும் சொல்லவில்லை.